முள்ளியாற்றில் விட்ட காவடி

சோற்றுத் தட்டை இராஜாங்கம் தள்ளிவிடுவதில்லை. தள்ளியிருந்தால் சுடர்விழி அழுதிருப்பாள், அல்லது சினந்திருப்பாள். அவர் தட்டின் முன் அமர்ந்து, சோற்றைப் பிசைந்து, ஒரு கவளத்தை உருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். குழம்பு காயும். ஈ வந்து அமரும். பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று அவள் தட்டை எடுக்க வரும்போது அந்தக் கவளம் அப்படியே இருக்கும்.

ஐப்பசி முதல் வாரத்தில் அவர் மனைவி காத்தாயி இறந்தாள். களை பறித்துக்கொண்டிருந்தவள் காய்ச்சல் என்று கரையேறினாள். நான்காம் நாள் ஆம்புலன்சில் உடலாகத் திரும்பி வந்தாள். அன்று கொல்லைச் சுவரில் மண்வெட்டியைச் சாத்திய இராஜாங்கம் பிறகு அதைத் தொடவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்கு நட்டவர்களின் மகன் அவர். சொந்தமாக ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர், வாங்கி, முப்பது ஆண்டுகளில் ஒரு பருவமும் தரிசு போடாதவர். தை மாதத்தில் அறுவடை எந்திரம் அந்த ஆறு மாவில் இறங்கியபோது, சத்தம் கேட்டும் தலை நிமிரவில்லை.

ஒரே மகள் சுடர்விழி திருத்துறைப்பூண்டியில் அறிவியல் ஆசிரியை. கணவன் குவைத்தில் இருந்தான். தாய் போனபின் நகரத்து வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு ஊருக்கே வந்து தந்தையோடு தங்கினாள். நாள்தோறும் அவர் தேய்வதை நாள்தோறும் பார்க்கிறவளாக ஆனாள்.

பங்குனி பிறந்த வாரம், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இரண்டாம் முறையாக அவரை அழைத்துப் போனாள். மருத்துவர் ஷிஃபா அவளைவிட இளையவள்.

"ஐயா, ராத்திரி தூங்குறீங்களா?"

"ம்."

"பசிக்குதா?"

"ம்."

"இன்னைக்கி என்ன கிழமை?"

இராஜாங்கம் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார். "அதான் காலண்டர்ல போட்டிருக்கே," என்றார்.

ஷிஃபா சிரித்தாள். செவிலியோடு அவரை எடை பார்க்க அனுப்பினாள். எடைச் சீட்டு வந்ததும் அவள் சிரிப்பு மறைந்தது. "அம்பத்தொன்னு. போன மாசம் அம்பத்தஞ்சு. இப்படியே போனா உடம்பு தாங்காது டீச்சர். மாத்திரையை மாத்தி எழுதியிருக்கேன், அது வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆவும். அதுவரைக்கும் இவரை எது எழுப்பும்? முன்னாடியெல்லாம் எதுக்கு எழுந்து ஓடுவாரு?"

"வயலுக்குத்தான்."

"வேற?"

சுடர்விழி தயங்கினாள். வகுப்புத் தோழிகள் பார்த்துவிடக் கூடாதே என்று பதினைந்து வயதில் அவளைக் கதவுக்குப் பின்னால் ஒளியவைத்த செய்தி அது. "காவடி எடுப்பாரு. சித்ரா பௌர்ணமிக்கு எட்டுக்குடி முருகன் கோயில் வரைக்கும் ஆடிக்கிட்டே போவாரு."

"அது ஒரு நாள்தானே?"

"போறது ஒரு நாள். பங்குனி பொறந்துட்டா தெனம் சாயங்காலம் களத்துல ஆடிப் பழகுவாரு. அம்மா தாளம் தட்டும்."

ஷிஃபா எழுதுகோலைக் கீழே வைத்தாள். "இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாமே."

"டாக்டர்கிட்ட சொல்ற சங்கதியான்னு நெனைச்சேன்."

"சொல்ற சங்கதிதான். துக்கத்துல மனசு மட்டும் உக்காராது டீச்சர், உடம்பும் சேந்து உக்காந்துடும். மனசுகிட்ட எழுந்திருன்னா கேக்காது. காலு சில நேரம் கேக்கும். தாளத்துக்குக் காலு போச்சுன்னா மூச்சு மாறும். அன்னைக்கி கொஞ்சம் பசிக்கும், கொஞ்சம் தூக்கம் வரும். கூட நாலு பேரு ஆடுனா இன்னும் நல்லது. மாத்திரையை நிறுத்தச் சொல்லலை, அதோட சேத்து. இந்த வருஷமும் எடுக்கட்டுமே."

"தீட்டு, டாக்டர். ஒரு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது."

"அது எனக்குத் தெரியாதே," என்றாள் ஷிஃபா மெல்ல. "உங்க பெரியவங்களைக் கேளுங்க."

கேட்பதற்கு இருந்தவர் தாய்மாமன் புகழேந்தி. காத்தாயியின் தம்பி; ஊர்க் காவடிக் குழுவுக்குத் தலைவர். அன்று மாலை இரண்டு இளநீரோடு வந்தார்.

"குடிங்க மச்சான். நீங்க இப்படி உக்காந்திருக்குறதை எங்கக்கா பாத்தா வெளக்குமாத்தை எடுத்திருக்கும்."

இராஜாங்கம் இளநீரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சுடர்விழி மாமனைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய் மருத்துவர் சொன்னதைச் சொன்னாள்.

"ஆண்டு முடியாத வீட்டுக் காவடி முருகன் வாசல்ல ஏறுமா?" என்றார் அவர். "உனக்கு இது மூடநம்பிக்கை. நீ சயின்சு டீச்சரு. எனக்கு அப்படி இல்லையே ஆயி. நாப்பது காவடி நம்ம ஊருலேருந்து போவுது. நாளைக்கி எவன் வீட்டுலயாவது ஒண்ணு ஆச்சுன்னா, தீட்டுக் காவடி கூட வந்ததாலன்னு பேசுவானுங்க. என்னைப் பேசட்டும். மச்சானைப் பேசுனா தாங்குவாரா?"

"தங்கச்சி செத்த வருஷம் ஆடுனாருல்ல?"

"அது பச்சைப்புள்ள. புள்ளைக்கி ஏது ஆண்டுத் தீட்டு?"

சுடர்விழிக்கு ஐந்து வயதாக இருந்தபோது இரண்டு வயதுத் தங்கை செம்மொழி இறந்தாள். அந்த ஆண்டை அவள் ஒரு முதுகாக மட்டுமே நினைவில் வைத்திருந்தாள்: சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த அப்பாவின் முதுகு. ஆடினார் என்பது பிறர் சொல்லிக் கேட்டது. புகழேந்தி மிச்சத்தைச் சொன்னார். எட்டு மாதம் இராஜாங்கம் எழவில்லை. காத்தாயி திருவாரூருக்குப் போய் மயில் செதுக்கிய காவடி ஒன்றைச் செய்து எடுத்துவந்தாள். வேண்டுதல் என்று சொல்லி அவர் தோளில் ஏற்றினாள். நிற்கவே தள்ளாடியவரைத் தாளம் தட்டித் தட்டி நடக்கவைத்தாள், நடந்தவர் ஆடினார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும்.

"சாமிக்கு ஆடுறாருன்னு ஊரு நெனைக்கிது தம்பி, நான் அவரு உசுருக்கு ஆட வக்கிறேன்னு சொல்லும் எங்கக்கா," என்றார் புகழேந்தி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோயிலுக்கு வேணாம். களத்துல ஆடட்டும், அதை யாரு கேக்குறது? முருகனே கேக்க மாட்டாரு. பரண்லேருந்து காவடியை எறக்கிக் குடு."

"பரண்லயா? உங்க வீட்டுல இருக்குதுன்னுல்ல நெனைச்சேன்."

"அக்கா அதோட கூறைச் சேலையில சுத்தி வச்சிருக்குமே. வருஷா வருஷம் நான்தான் எறக்குவேன்."

சுடர்விழி துவைகல்லின்மேல் அமர்ந்தாள்.

இறந்தவர் படுத்த பாய், தலையணை, உடுத்த துணி எல்லாவற்றையும் பதினாறாம் நாள் ஆற்றில் விடுவது அவர்கள் வழக்கம். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: போனவர் கையால் போட்ட முடிச்சை இருப்பவர் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் போன உயிர் வழி தெரியாமல் திரும்பிவிடும் என்பார்கள். அறிவியல் ஆசிரியை அதை நம்பவில்லை. ஆயினும், அந்த நாளில் அம்மாவுக்கு எந்தக் குறையும் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பரணில் அம்மாவின் சேலை சுற்றியிருந்ததையெல்லாம் அவிழ்க்காமல் இறக்கினாள். ஒன்று நீளமாய், கனமாய், உள்ளே கட்டையோடு இருந்தது. உள்ளே ஏதோ கிணுகிணுத்தது; செம்மொழியின் தொட்டில் கட்டையும் கிலுகிலுப்பையுமாக இருக்கும் என்று எண்ணினாள். அம்மா அதையும் கட்டி வைத்திருந்தாளே என்று நெஞ்சு கரைந்தது. முள்ளியாறு அன்று இரு கரையும் தொட்டு ஓடியது. இடுப்பளவு நீரில் இறங்கி நின்று அவளே அதைத் தள்ளிவிட்டாள்.

இறப்பை நெருங்கிய ஒருவரை முன்பு மீட்ட ஒரே பொருளை அவளே ஆற்றோடு அனுப்பியிருந்தாள். மாமனிடம் சொன்னாள். "புதுசு ஒண்ணு செய்வோம்," என்றார் அவர். அவர் குரலிலேயே அதற்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையோடு கிழக்கே போனாள். பங்குனியில் முள்ளியாறு ஆறாக இல்லை. வெடித்த சேறும், காய்ந்த ஆகாயத்தாமரையும், நடுவில் ஒரு கோடாகத் தேங்கிய பச்சை நீரும் கிடந்தன. இரண்டு கல் தொலைவில் ஒரு மதகு. அங்கே தண்ணீர் திறந்து அடைக்கும் லஸ்கர் ஜெக்கரியா, வேலையற்ற பருவமாதலால், வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கன்று கட்டிக் கிடந்தது.

"ஐப்பசியில வுட்டதைப் பங்குனியில தேடுறீங்களே டீச்சர்," என்றார் அவர். "மதகுல வந்து அடைக்கிறதைக் கொக்கி போட்டு இழுத்துக் கரையில போடுவேன். பாய், தலகாணி, சாமி படம், ஒருக்கா ஒரு கட்டிலு. ஒரு ஊருக் குடித்தனமே மெதந்து வரும்."

"மரத்துல வளைஞ்சாப்புல இருக்கும். ரெண்டு பக்கமும் மயிலு."

கயிறு திரித்த கை நின்றது. "சேலை சுத்தி வந்திச்சா?"

"ஆமா."

"வந்திச்சு. கரையில போட்டேன். கார்த்திகை மழையில யாரோ அடுப்புக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எரிஞ்சிருக்கும் டீச்சர். பொய் சொல்லி உங்களை அலைய விடக் கூடாது." கன்றை இழுத்து அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். "அதுலேருந்து கழண்டு கெடந்த மணி இது. சும்மாதானே கெடக்குதுன்னு இதுக்குக் கட்டுனேன். எடுத்தது தப்புதான். கொண்டு போங்க."

எலுமிச்சங்காய் அளவு வெண்கல மணி. அவள் கையில் அது ஒலித்தபோது கன்று தலையைத் திருப்பிப் பார்த்தது.

அன்று பகலில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அந்த மணியைத் தட்டின் அருகே வைத்தாள். வைக்கும்போது ஒருமுறை ஒலித்தது. இராஜாங்கத்தின் கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது.

"இது ஏது?"

ஐந்து மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி. சுடர்விழி எல்லாவற்றையும் சொன்னாள். "நான்தாம்ப்பா விட்டேன். தெரியாம விட்டுட்டேன். தொட்டில் கட்டைன்னு நெனைச்சேன்."

"தெரியும்," என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"கரையிலதானே நின்னேன். நீ தள்ளுன. மூட்டை ஒரு சுத்து சுத்துச்சு. உள்ளேருந்து மணிச் சத்தம் வந்துச்சு. அப்பயே தெரிஞ்சுபோச்சு."

"ஏம்ப்பா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு எட்டு வச்சு நானே புடிச்சிருப்பேனே."

மணியை உள்ளங்கையில் கவிழ்த்து, நாக்கு அசையாதபடி விரலால் பிடித்துக்கொண்டார். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "புடிச்சா சித்திரையில ஆடணும். ஆடுனா பசிக்கும். பசிச்சா திங்கணும், தின்னா இருக்கணும். அவ போன வழியில போவட்டும்னுதான் நின்னேன்."

இத்தனை நாளாக அவள் நெஞ்சில் சுமந்த பிழை அந்தச் சொற்களுக்கு முன் எடையற்றுப் போனது. அதனினும் கனமான ஒன்று அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. வாசலுக்குப் போய் ஷிஃபாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "பூச்சிமருந்து எங்க வச்சிருக்கீங்க?" என்பதுதான் ஷிஃபா முதலில் கேட்டது. "இன்னைக்கே எடுத்துடுங்க. அவரைத் தனியா விடாதீங்க. புதன்கிழமை கூட்டிட்டு வாங்க. சொல்லிட்டாருல்ல டீச்சர், சொன்னது நல்லது." மோட்டார் கொட்டகையிலிருந்த மூன்று போத்தல்களையும் புகழேந்தி வந்து சாக்கில் கட்டி எடுத்துப் போனார். பள்ளிக்கு அவள் போகும் வேளைகளில் மாமனின் மனைவி வந்து காவலாக அமர்ந்தாள். மாத்திரை தவறவில்லை. கவளம் மட்டும் கையிலேயே இருந்தது.

சித்ரா பௌர்ணமி வந்தது.

பிற்பகல் நான்கு மணிக்கு ஊர்க் காவடிகள் புறப்பட்டன. வழிநெடுக ஆடி, மறுநாள் விடியலில் எட்டுக்குடி சேர்வது முறை. தீட்டு வீட்டின் முகத்தில் காவடி விழிக்கலாகாதென்று, அவை தெருவுக்குள் வருமுன் வாசற்கதவைச் சாத்திவிட வேண்டும். சுடர்விழியே சாத்தினாள். அம்மா இருந்த ஆண்டுகளில் இதே கதவுக்குப் பின்னால் வெட்கி ஒளிந்தவள், இன்று அதன்மேல் முதுகை ஊன்றி நின்றாள். உள்ளே இருள். இராஜாங்கம் சுவரோரம் அமர்ந்திருந்தார். நாயனம் நெருங்கியது. தவில் வாசலுக்கு நேரே வந்தபோது கதவின் பலகை அவள் முதுகில் அதிர்ந்தது. நாற்பது இணைக் கால்கள் அந்த வீட்டைக் கடந்தன. புகழேந்தி வேண்டுமென்றே அங்கே குழுவின் நடையை மெதுவாக்கினார் என்பதை அவள் பின்னர் அறிந்தாள்.

இராஜாங்கம் எழுந்தார்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு களத்துக்கு நடந்தார். அவள் மணியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். சுவரில் சாத்திய மண்வெட்டி ஐப்பசி முதல் அங்கேயே துருவேறி நின்றது. அதை எடுத்துக் காம்பைத் தோளின்மேல் குறுக்கே வைத்தார். இரும்புப் பக்கம் தாழ்ந்தது, கையால் தாங்கிக்கொண்டார். தெருவில் போகும் தவிலுக்கு இடது கால் ஒருமுறை எழுந்து விழுந்தது. பிறகு வலது கால். இடுப்பு வளையவில்லை. நெல் உலர்ந்த மண்ணில் அந்தப் பாதங்கள் நெடுங்காலம் மறந்திருந்த ஓர் எழுத்தைத் தேடித் தேடி எழுதின.

ஆடல் களிப்புக்கு மட்டும் உரியதென்று முன்னோர் கருதியிருந்தால், ஆடும் இறைவனுக்குச் சுடலையை அரங்காகத் தந்திருக்க மாட்டார்கள். எரி எரியும் இடத்தில், எலும்பு கிடக்கும் இடத்தில், பேயன்றி எவரும் நில்லாத இடத்தில் அவன் ஆடுகின்றான் என்றே பாடிவைத்தார்கள். அவன் மகனுக்கு எடுக்கும் காவடியும் சுமை சுமந்து ஆடுவதே அன்றிச் சுமையை இறக்கிவிட்டு ஆடுவதன்று. தீட்டென்று கோயில் கதவு அடைபட்ட அந்த மாலையில் களத்து மண் அவரைத் தீட்டென்று விலக்கவில்லை.

தவில் ஒலி தெருமுனை திரும்பியது. வயல்களுக்கு அப்பால் மெலிந்தது. முற்றும் அற்றபோது அவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். வைக்க இடம் தெரியாதவர்போல்.

"சத்தம் போயிடுச்சு," என்றார்.

சுடர்விழி அறியாத தாளம் அது. இருந்தும் மணியை இடக்கையில் அடித்து அடித்து ஒலித்தாள். தாளம் தப்பியது. அவர் கால் காற்றில் காத்திருந்தது. அடுத்த அடியில் வந்து விழுந்தது. மீண்டும் தப்பினாள். மீண்டும் காத்திருந்தார். பத்து நிமிடம் இருக்கலாம். பிறகு மூச்சு வாங்க, மண்வெட்டியை இறக்கிவைத்து, அதன் காம்பிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதார். காத்தாயி இறந்த நாளிலும் பதினாறிலும் வராத அழுகை, அடிவயிற்றிலிருந்து வந்தது. அவள் அருகில் போகவில்லை. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. வேர்வை அவர் சட்டையில் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மூன்று கவளம் உண்டார்.

"அடுத்த சித்திரைக்கு இன்னும் எத்தனை நாளு?" என்று கேட்டார், கை கழுவிக்கொண்டே.

"ஒரு வருஷம்ப்பா."

"ரொம்ப நாளு," என்றார்.

மறுநாள் மாலை அவர் எழவில்லை. கூப்பிட்டாள், "ம்" என்றார். கையைப் பிடித்தாள், அந்தக் கை எடையற்றுக் கிடந்தது. நேற்றைய ஆட்டம் நேற்றோடு போய்விட்டது என்று அவளுக்குப் பட்டது. எட்டு மாதம் அம்மா என்ன செய்தாள், எத்தனை மாலைகள் வீணாகத் தட்டினாள் என்பதை மாமனும் சொல்லவில்லை. கேட்க இனி அம்மாவும் இல்லை.

கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, மணியோடு தனியே களத்துக்குப் போனாள். வெயில் சாய்ந்திருந்தது. உளுந்து பிடுங்கிய வயல்கள் அடிவானம்வரை வெறுமையாய்க் கிடந்தன. குறுவைக்குத் தண்ணீர் வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அங்கே நின்று, எவரும் ஆடாத களத்தைப் பார்த்து, அவள் தாளம் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதன்பின் எங்கோ பிசகியது. நிறுத்தினாள். மீண்டும் தட்டினாள். மீண்டும் அதே இடத்தில் பிசகியது. இருண்ட கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஓர் அசைவும் இல்லை. கை வலித்தது. நான்காம் முறை தட்டினாள்.

வீட்டினுள்ளிருந்து, சுவரைப் பார்த்துச் சொன்னதுபோல், ஒரு குரல் வந்தது.

"தப்பு."

சுடர்விழி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. மணியை நேராகப் பிடித்து முதலிலிருந்து தொடங்கினாள்.